எதிராகத் திரும்ப ஓர் ஆள்

"எந்த ராஜா?" என்று கேட்டார் ஆசிரியர்.

கிடங்குக்காரர் எழுந்து நின்றார். "பொதுவா ஒரு ராஜா, சார்."

"பேரு?"

"பேரெல்லாம் இல்ல சார். சும்மா ஒரு ராஜா. அவரோட படைவீரங்க எல்லாம் அவருக்கு எதிரா..."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல சார்."

"அப்புறம் அவர் வீட்டு விவகாரம் நமக்கு எதுக்கு? உக்காருங்க."

கிடங்குக்காரர் உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ மூக்கு வழியாகச் சிரித்தார்கள்.

அது ஒரு டயர் கடையின் மேல்மாடியில் நடந்த மாலை நேர ஆங்கில வகுப்பு. பாடம் நடக்க நடக்கக் கீழேயிருந்து ரப்பர் வாசனை படியேறி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். ஆசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கொள்கை உள்ளவர்களிடம் மாட்டிக்கொண்டால் என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. பாடத்தில் வரும் ஒவ்வொரு சொற்றொடரையும் வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியம் எழுதியவரின் வாழ்க்கையில் நிஜமாகவே நடந்திருக்க வேண்டும்.

"கற்பனையில எழுதினா சொல்லு காகிதத்தோட நின்னுடும். பட்டு எழுதினாத்தான் ரத்தத்துல ஏறும்" என்பார். பொய் எழுதினால் நாலு கேள்வி கேட்டே பிடித்துவிடுவார்.

அன்றைய சொற்றொடர், டர்ன் அகெய்ன்ஸ்ட்.

"நேத்துவரைக்கும் உங்க பக்கம் நின்ன ஆளு, இன்னைக்கு உங்களுக்கு எதிராத் திரும்புறது. அவ்வளவுதான்" என்று ஆசிரியர் விளக்கியிருந்தார். "ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. முதல்ல அவங்க உங்க பக்கம் இருந்திருக்கணும். பஸ்ல கால மிதிச்சவன் சண்டைக்கு வந்தா, அது வெறும் சண்டை. அதுக்கு இந்தச் சொல்லு வராது."

வகுப்பு மொத்தமும் மடமடவென்று எழுதியது. முடிதிருத்துகிறவரிடம் தொழில் கற்றவன் எதிர்க்கடையையே வாடகைக்குப் பிடித்திருந்தான். பல் மருத்துவரின் உதவியாளருக்கு ஓர் உயிர்த்தோழி இருந்திருக்கிறாள், இப்போது இல்லை. ஓய்வுபெற்ற ஓட்டுநருக்குச் சொந்த மகனே போதுமானவனாக இருந்தான். அவருக்கு ஒரு பக்கம் போதாமல் தாளைத் திருப்பி எழுதினார். எல்லாருக்கும் பாஸ்.

கிடங்குக்காரர் மறுபடி கையைத் தூக்கினார். "சார், என் நாய் ஒரு தடவை எனக்கு எதிரா..."

"கடிச்சுதா?"

"இல்ல சார். கூப்பிட்டேன், வரல. முதுகைக் காட்டிப் படுத்துக்கிச்சு."

"அதுக்குப் பேரு தூக்கம்."

வகுப்பு முடிந்ததும் அவர் ஆசிரியரின் பின்னாலேயே மாடிப்படிவரை போனார்.

"சார், எனக்கு யாரும் இதுவரைக்கும் துரோகம் பண்ணினதில்ல சார்."

"கொடுத்து வச்சவர்."

"அப்ப சர்ட்டிபிகேட்?"

"அதுக்குக் கொடுத்து வைக்கல."

அந்தச் சான்றிதழில்தான் அவர் உயிர் இருந்தது. அவர் வேலை பார்த்த பெயின்ட் தொழிற்சாலையைப் புதிதாக வாங்கியவர்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஆங்கிலச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அதை வாங்காதவர்கள், திங்கட்கிழமையிலிருந்து நாற்காலி தேவைப்படாத வேலைக்குப் போக வேண்டும். கிடங்குக்காரருக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். மறுபடியும் டின் தூக்குவது. அவருடைய முதுகு ஏற்கெனவே ஒரு பெரிய டின்னைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டு, கொஞ்ச காலம் அவரைக் கேள்விக்குறி மாதிரி நடமாட விட்டிருந்தது. மற்றப் பாடங்களையெல்லாம் எப்படியோ முட்டி மோதி முடித்துவிட்டார். இது ஒன்றுதான் பாக்கி.

வாசலில் பதிவு மேசைப் பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க சார். காலையில வேற டீச்சர் எடுக்கிறாங்களே, அங்கயும் நிஜமா நடந்ததைத்தான் எழுதணும், அந்த வகுப்புலயும் இதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க" என்றாள். அது ஆறுதலாக இல்லை.

எதிராகத் திரும்ப ஆள் இல்லை என்றால், யாரையாவது திருப்ப வேண்டியதுதான் என்ற முடிவோடு அவர் வீட்டுக்குப் போனார்.

முதலில் நினைவுக்கு வந்தவர், தொழிற்சாலையில் நிறம் கலக்கும் கலவைக்காரர். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இதைவிட நெருங்கிய நட்பு கிடங்குக்காரருக்கு வாய்த்ததில்லை. அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன நீல பெயின்ட், சுவரில் காய்ந்ததும் பச்சையாகிவிட்டது. யார் செய்த தப்பு என்று மேலாளர் தேடிக்கொண்டிருந்தார். கிடங்குக்காரர் மதியத்துக்குச் சற்று முன்னால் மேலாளர் அறைக்குள் நுழைந்து, "சார், கலவைக்காரர்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்.

கலவைக்காரர் மென்றுகொண்டிருந்தார்.

"உன்னை மேனேஜர்கிட்டப் போட்டுக் கொடுத்துட்டேன்" என்றார் கிடங்குக்காரர்.

"ம்."

"நீலம் பச்சையானது உன்னாலதான்னு சொன்னேன்."

"சரி. அந்தத் தண்ணியை இப்படித் தள்ளு."

"கோபம் வரலையா?"

"எதுக்கு வரணும்? நான் காலையிலேயே உன் பேரைச் சொல்லிட்டேன்."

கிடங்குக்காரருக்கு மனசு துள்ளியது. கலவைக்காரரின் கையைச் சோற்றோடு பிடித்துக் குலுக்கினார். "அப்ப நீ எனக்கு எதிராத் திரும்பிட்டே! எப்பத் திரும்பினே? எதனால? கொஞ்சம் விவரமாச் சொல்லேன்."

"திரும்பவெல்லாம் இல்லப்பா. எது தப்பாப் போனாலும் உன் பேரைத்தான் சொல்வேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். வெள்ளை மஞ்சளாச்சே, அப்ப. மூடி ஒட்டிக்கிட்டுத் திறக்கவே வரலையே, அப்ப. மேனேஜர் கண்ணாடி தொலைஞ்சப்பகூட உன் பேரைத்தான் சொன்னேன்."

"நாம தினமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோமேடா!"

கலவைக்காரர் எச்சில் கையால் மேலே காட்டினார். "ஃபேன் இந்த மேசைக்கு மேலதானே இருக்கு."

கிடங்குக்காரர் மேலே பார்த்தார். இத்தனை காலமும் அது தன் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆசிரியர் சொன்னது காதில் ஒலித்தது. முதல்ல அவங்க உங்க பக்கம் இருந்திருக்கணும். கலவைக்காரர் கணக்கில் வரமாட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஒரே நாளில் இரண்டு புகார்களைக் கேட்ட மேலாளர், முந்தி வந்தது நியாயமானது, பிந்தி வந்தது பழிவாங்கல் என்று தீர்மானித்தார். கிடங்குச் சாவிக்கொத்து கலவைக்காரரின் இடுப்புக்குப் போனது. இனி கிடங்குக்காரர் தன்னுடைய கிடங்கைத் திறக்க வேண்டுமென்றால், கலவைக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நிற்க வேண்டும்.

அன்று மாலை வீட்டு வாசலில் மைத்துனனின் வேன் நின்றுகொண்டிருந்தது. மைத்துனன் என்றால் அவர் மனைவியின் தம்பி. வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவன். அந்த வேன் வருடக்கணக்காக அங்கேதான் நிற்கிறது. அதனால் முன்னறை ஜன்னலில் வெளிச்சமே விழாது. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு கப்பலின் அடித்தளத்தில் வாழ்வதுபோல அந்த வீட்டில் வாழ்ந்தார்கள். கிடங்குக்காரர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. உறவாயிற்றே.

அவர் வேன் கதவைத் தட்டினார். "வண்டியை எடு."

"எங்க மாமா போகணும்?"

"எங்கயும் போக வேண்டாம். என் வாசல்லேர்ந்து எடு. இனிமே இங்க நிறுத்தக் கூடாது."

"சரி மாமா."

"என்னடா சரி? சண்டை போடு! 'நம்ம உறவு இவ்வளவுதானா மாமா'ன்னு கேளு!"

மைத்துனன் யோசித்தான். "நமக்குள்ள என்ன மாமா உறவு?"

"கல்யாணத்தன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதியே!"

"அது அக்கா கைன்னு நினைச்சுப் பிடிச்சது மாமா. ஒரே கூட்டமா இருந்துச்சு."

கிடங்குக்காரர் வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இந்த வேன்? என் மேல இருக்கிற உரிமையிலதானே இத்தனை நாளா இங்க நிறுத்தினே?"

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். அதான் நிறுத்தினேன்." மைத்துனன் கீழே இறங்கி அவர் தோளில் தட்டினான். "என்னைக்காவது வாயைத் திறந்து கேப்பீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்குக் கேட்டுட்டீங்க. சத்தியமாச் சொல்றேன் மாமா, இப்பதான் உங்க மேல கொஞ்சம் மரியாதையே வருது."

ஆக, ஒருவன் திரும்பிவிட்டான். அதுவும் தப்பான திசையில்.

வேன் போன மறுநாள் காலையில், அவர் ஆசையோடு முன்னறை ஜன்னலைத் திறந்தார். வெளிச்சம் வந்தது. கூடவே நாற்றமும் வந்தது. காலியிடத்தைப் பார்த்த நகராட்சிக்காரர்கள், தெருவுக்கே பொதுவான பெரிய குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து அங்கே இறக்கியிருந்தார்கள். அதன் மேல் ஒரு காகம் உட்கார்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று அவரைப் பார்த்தது.

கிடங்குக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்தார். தன் பக்கம் நின்றவர்கள் என்று இந்த உலகத்தில் யார் யார் என்று யோசித்தார். ஒரு விரலை மடக்கினார். அடுத்த விரல் மடங்கவில்லை.

மடங்கிய அந்த ஒரு விரல், அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தது.

அவள் அவரோடு சண்டை போட்டே வெகு காலமாகிவிட்டது. எது சொன்னாலும் சரி என்பாள். எப்போது வந்தாலும் கதவைத் திறப்பாள். அவளைப் போய்த் தனக்கு எதிராகத் திருப்புவதா என்று நினைத்து, மடக்கிய விரலை அவசரமாக நீட்டினார். ஆனால் முதுகு வலித்தது. முழுசாகத் திருப்ப வேண்டாம், கொஞ்சமாகத் திருப்பினால் போதும், வெள்ளிக்கிழமை பாஸ் போட்டவுடன் காலில் விழுந்தாவது மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானம் செய்தார். கொதிக்கிற பாலை அடுப்பிலிருந்து சரியான நேரத்தில் இறக்குவதுபோலத்தானே.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைத் தள்ளினார். "இதை மனுஷன் வாயில வைப்பானா?"

"வைக்காதீங்க" என்றாள் மனைவி. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று அதற்கப்புறம் சாப்பாடு இல்லை.

பசியோடு அவர் பின்னாலேயே போனார். "நீ பாடுறது காது கொடுத்துக் கேக்க முடியல. தெருவே சிரிக்குது."

"நான் பாடி ரொம்ப வருஷமாச்சே."

அப்படியா என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். இப்போது இளகக் கூடாது. "இந்த வீட்டை வித்துடப் போறேன்."

"வித்துக்குங்க."

"உன்கிட்டக் கேக்கவே மாட்டேன்!"

"எப்பக் கேட்டீங்க?" மணி என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டாள். குரலில் ஒரு சுருக்கமும் இல்லை.

கிடங்குக்காரர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "நீ... நீ பேசாம உங்க அக்கா வீட்டுக்கே போயிடு!"

மனைவி ஒரு போர்வையின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். அன்று முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப?" என்று கேட்டாள்.

ஏன் என்று கேட்கவில்லை! நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்கவில்லை! அவர் போகச் சொன்னால் போக வேண்டும், நாள் மட்டும் தெரிந்தால் போதும். இப்படியும் ஒருத்தி இருப்பாளா? அவர் விறுவிறுவென்று குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, வாளி நிரம்பி வழியும்வரை அழுதார்.

வெளியே வந்து, "சும்மா சொன்னேம்மா" என்றார்.

"ஓ" என்றாள் மனைவி. போர்வையைப் பழையபடி பிரித்து, மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். அவள் முகம் வாடியிருந்ததாக அவருக்குத் தோன்றியது. தன் சொல் அவளை அவ்வளவு புண்படுத்திவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர் தொழிற்சாலையில் தன் நாற்காலியைத் துடைத்து வைத்தார். கலவைக்காரரிடம் சாவி கேட்டு, உள்ளே போய், பெரிய டின்களில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். முதுகு ஏதோ சொன்னது. பரவாயில்லை என்று அதனிடம் சொன்னார். மாலை வகுப்புக்குப் புறப்படும்போது கண் கலங்கியே இருந்ததால், மூக்குக் கண்ணாடி இல்லாதது அவருக்குத் தெரியவில்லை.

"என்ன, கிடைச்சுதா?" என்று கேட்டார் ஆசிரியர்.

கிடங்குக்காரர் எழுந்தார். கையில் தாள் இல்லை.

"இல்ல சார். நான் தோத்துட்டேன். இந்த வாரம் முழுக்கத் தேடினேன். கூடச் சாப்பிட்டவன் என் பக்கம் இல்லவே இல்லையாம், ஃபேன் பக்கம் இருந்தானாம். என் கையைப் பிடிச்சு அழுதவன் கை மாறிப் பிடிச்சானாம். எனக்கு எதிராத் திரும்பணும்னாக்கூட அதுக்கு முன்னாடி யாராவது என் பக்கம் இருந்திருக்கணுமில்ல சார்? யாரும் இல்ல. ஒரே ஒருத்தியைத் தவிர."

கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம்கூட நின்றது.

"என் வீட்டுக்காரி. அவளை என்னென்னவோ சொல்லிப் பாத்துட்டேன் சார். சோத்தைத் தள்ளினேன். வீட்டை விப்பேன்னேன். போயிடுன்னுகூடச் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. என்ன செஞ்சாலும் அவ திரும்ப மாட்டேங்கிறா சார். அதனால என்னால இந்த வாக்கியத்தை எழுத முடியாது. திங்கட்கிழமையிலேர்ந்து டின் தூக்கப் போறேன். ஆனா ஒண்ணு சார், இந்தப் பாடத்துல ஃபெயிலானதுல எனக்குச் சந்தோஷம்தான்."

ஓய்வுபெற்ற ஓட்டுநர் சத்தமாக மூக்கைச் சிந்தினார். பல் மருத்துவரின் உதவியாளர் கைக்குட்டையைத் தேடினாள். ஆசிரியரும் கொஞ்ச நேரம் கரும்பலகையைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றார்; அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பாஸ் போட முடியாது" என்றார் கடைசியில், கரகரத்த குரலில். "கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. ஆனா இப்படி ஒருத்தர் வீட்டுல இருந்தா, உங்களுக்கு இந்தச் சொல்லே தேவையில்லைங்க."

அப்போதுதான் கதவருகே நிழல் ஆடியது. கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்தபடி மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் மறந்துவிட்டு வந்ததை எடுத்துக்கொண்டு, அத்தனை படியும் ஏறி வந்திருக்கிறாள்.

கிடங்குக்காரர் மூச்சு வாங்க, இரண்டு கையையும் நீட்டி அவளைக் காட்டினார்.

வகுப்புக்குப் புரிந்துவிட்டது. முதலில் ஓட்டுநர் எழுந்தார். பிறகு முடிதிருத்துகிறவர். பிறகு பெஞ்சுகள் தரையில் உரச, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆசிரியரும் தட்டினார். கிடங்குக்காரர் கண்ணாடி இல்லாத கண்களால் மனைவியைப் பார்த்தார். கண்ணீரில் அவள் கரைந்து, ஓரங்களில் மினுங்கினாள். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

வெளியே மேசையில் இருந்த பதிவு மேசைப் பெண், கைதட்டல் கேட்டு ஓடி வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மனைவியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "அட, அக்கா நீங்களா!" என்று அவள் தோளைக் கட்டிக்கொண்டு, ஆசிரியரைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள்:

"தட்டுங்க சார், நல்லாத் தட்டுங்க, போன வருஷம் காலை வகுப்புல இந்தப் பாடத்தை முதல் நாளே முடிச்சது இந்த அக்கா ஒருத்தங்கதான், டீச்சர் கேட்டது ஒரு வாக்கியம், இவங்க எழுதினது ரெண்டு, அதுல ரெண்டாவது, 'என் வீட்டுக்காரருக்கு இது இன்னும் தெரியாது'!"